மறைக்காமல் சொல்லுங்கள்



உங்களில் அநேகர் ஊரையும் உறவையும் விட்டு, பிழைப்புக்காக இந்தப் பெருநகரங்களுக்கு வந்தவர்கள். உங்கள் வீட்டிலோ சபையிலோ நர்ஸிங் படிக்கிற ஒரு மகள் இருக்கக்கூடும். நீங்களோ உங்கள் வீட்டாரோ மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்த நாளில், அப்படிப்பட்ட ஒரு மாணவி கையில் தாளோடு வந்து, "உங்களுக்கு என்ன செய்கிறது? எத்தனை நாளாய்?" என்று கேட்டிருக்கக்கூடும். டாக்டர் கேட்டதையே இந்தப் பிள்ளையும் எதற்காகக் கேட்கிறது என்று நீங்கள் சலித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கேள்விகளைப் பற்றியே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன். ஏனெனில் மாணவியாயிருந்தபோது அந்தத் தாளில் நான் எழுதிய ஒரு வரி, ஒரு தாயாரை மரணத்தின் வாசல்வரைக்கும் கொண்டுபோயிற்று.

நர்ஸிங் பள்ளிகளில் இதை "ஹிஸ்டரி கலெக்ஷன்" என்பார்கள். ஒரு நோயாளியை மாணவியிடம் ஒப்புவித்தவுடன் அவள் செய்யவேண்டிய முதல் வேலை இதுவே. பெயர், வயது, தொழில், பேசும் மொழி ஆகியவற்றை முதலில் எழுதுவாள். அடுத்து, நோயாளியை வருத்துகிற பிரதான தொல்லை என்ன, அது எவ்வளவு நாளாய் இருக்கிறது என்று கேட்பாள். அதை மருத்துவ வார்த்தைகளில் அல்ல, நோயாளி சொன்ன சொற்களிலேயே எழுதவேண்டும் என்று கற்பிப்பார்கள். பின்பு முன் வந்த வியாதிகள், செய்துகொண்ட ஆபரேஷன்கள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள், இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள், உணவு, உறக்கம், பழக்கவழக்கங்கள், வீட்டு நிலைமை என்று கேள்விகள் நீளும். குடும்பத்தாரின் வியாதிகளை மூன்று தலைமுறைக்குப் படமாய் வரைவாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மரித்தவர்களுக்கு அதன் குறுக்கே ஒரு கோடு.

நோயாளியின் சொற்களிலேயே எழுதவேண்டும் என்பது ஏன் தெரியுமா? நம்முடைய "மயக்கம்" என்ற ஒரு சொல்லையே பாருங்கள். தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம். நினைவிழந்து விழுந்தாலும் மயக்கம் என்கிறோம். சிலர் குமட்டலையும் அப்படியே சொல்லுகிறார்கள். மும்பையில் ஒரு மகன் தன் தாயின் மயக்கத்தை ஹிந்தியில் "சக்கர்" என்று சொன்னால் அது தலைசுற்றல். "பேஹோஷ்" என்று சொன்னால் அது நினைவிழப்பு. இரண்டுக்கும் செய்யும் பரிசோதனைகள் வேறு வேறு. மொழி தெரியாத ஊரில் வாழும் நமக்கு இது சிறிய காரியம் அல்ல.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். அது 1998-ஆம் ஆண்டு. தென்மாவட்டத்திலிருந்து மும்பைக்கு வந்து, ஜி.என்.எம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஹிந்தி எனக்குச் சரளமாய் வராது. "தக்லீஃப் க்யா ஹை?" என்று கேட்டுவிட்டு, வரும் பதிலில் பாதி புரியாமல் விழிப்பேன். அதற்கு மாணவிகளாகிய எங்களிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டைப் பார்த்து அப்படியே நகல் எடுத்துக்கொள்வோம். தாள் நிறையும், கையொப்பமும் கிடைக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தாராவியிலிருந்து ஒரு தமிழ்த் தாயாரை எங்கள் வார்டில் சேர்த்தார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். செருப்பு கடித்த புண் ஆறாமல் கால்விரல் பழுத்திருந்தது. நாலு வருடமாய்ச் சர்க்கரை வியாதி. உடன் வந்த மகன் தோல் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறவர். தமிழ் பேசும் நோயாளி கிடைத்ததில் எனக்கு ஒரே சந்தோஷம். கட்டிலருகே நின்றபடியே, "மாத்திரை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன். தாயார் வாய் திறக்குமுன் மகன் முந்திக்கொண்டு, "தினமும் ரெண்டு வேளை சாப்பிடுறாங்க சிஸ்டர். நான்தானே வாங்கிக் கொடுக்கிறேன்" என்றார்.

தாயார் என் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. "ஸ்தோத்திரம் மகளே. நீ எந்தச் சபை?" என்றார்கள். நான் மகிழ்ந்து சபையின் பேரைச் சொன்னேன். அவர்கள் சற்று நேரம் மவுனமாயிருந்து, "ஆமா, சாப்பிடுறேன்" என்றார்கள். "மருந்துகளை ஒழுங்காக உட்கொள்கிறார்" என்று எழுதினேன். உணவு என்ற இடத்தில் "அசைவம்" என்று ஒரே வார்த்தை எழுதினேன். வேலை முடிந்தது என்று எண்ணினேன்.

டாக்டரிடமும் மகன் அதையே சொல்லியிருந்தார். என் தாளும் அதற்குச் சாட்சியாய் நின்றது. இரண்டு வேளை மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை முன்னூறைத் தாண்டியிருக்கிறதே என்று, மாத்திரையின் அளவைக் கூட்டி இன்சுலினும் சேர்த்தார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் வார்டுக்குப் போனபோது, தாயாரின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதிகாலையில் உடலெல்லாம் வியர்த்து, கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லாமல் கிடந்தார்களாம். இரவு நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 38. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. நர்ஸ் இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்து வந்திருந்தால் என்னவாயிருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்க நடுங்குகிறேன்.

வார்டு சிஸ்டர் ஒரு மராத்திய அம்மையார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் தாளை வாங்கி வாசித்தார். டாக்டர் கேட்டதையே நீயும் கேட்பது, முதல் தரம் தப்பிப்போனது இரண்டாம் தரமாவது அகப்படும் என்பதற்காகத்தானே, நீ பார்த்து எழுதினால் அது எப்படி அகப்படும் என்றார். பிறகு ஒரு ஸ்டூலை என் கையில் கொடுத்து, மூன்று காரியங்களைச் சொல்லி அனுப்பினார். மகனை வெளியே அனுப்பு. ஆம், இல்லை என்று பதில் வருகிற கேள்வியைக் கேட்காதே. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திரு.

மகனை டீ வாங்க அனுப்பிவிட்டு, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். "அம்மா, வீட்டில் மாத்திரையை எப்படி எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்றேன். அவர்கள் பேசவில்லை. நானும் பேசவில்லை. வெகுநேரத்துக்குப் பின் அவர்கள் கண்கள் கலங்கின.

"ரெண்டு மாசத்துக்கு முன்ன கன்வென்ஷன்ல ஜெபிச்சாங்க மகளே. சுகர் போயிட்டுன்னு விசுவாசிச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை சபையில எழும்பிச் சாட்சி சொல்லிட்டேன். சாட்சி சொன்னபிறகு மாத்திரையைத் தொட்டா சனம் என்ன சொல்லும்? அவன் வாங்கித் தந்ததையெல்லாம் டப்பாவுல போட்டு வச்சிருக்கேன். நேத்து வெள்ளிக்கிழமை, எனக்கு உபவாசம். ராத்திரிச் சாப்பாட்டையும் அவனுக்கே கொடுத்துட்டேன்."

"இதை நேற்றே என்னிடம் ஏன் சொல்லவில்லை, அம்மா?" என்று கேட்டேன்.

"நீயும் விசுவாசிப் பிள்ளையாச்சே. உங்கிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

பிரியமானவர்களே, அந்த வார்த்தை என் இருதயத்தைக் குத்திற்று. என்னை யாரென்று அறியாமல் மறைக்கவில்லை, அறிந்ததினாலேயே மறைத்தார்கள். நம்முடைய சபைகளில் பலவீனத்தை வாய்விட்டுச் சொல்ல இடமில்லாமல் போயிற்றோ என்று அன்றைக்கு என்னை நானே கேட்டுக்கொண்டேன். தெய்வீக சுகத்தை நான் முழு இருதயத்தோடும் விசுவாசிக்கிறவள். ஆகிலும் அந்தத் தாயார் பயந்தது தேவனுக்கல்ல, நமக்குத்தான்.

அந்த இரவில் மாற்கு சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை வாசித்தேன். பிசாசினால் அலைக்கழிக்கப்பட்ட பிள்ளையோடு ஒரு தகப்பன் ஆண்டவரிடத்தில் வருகிறான். உடனே குணமாக்கும் வல்லமையுள்ளவர், முதலில் அந்தத் தகப்பனிடம், இது எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று விசாரிக்கிறார். சிறு வயதுமுதல் என்று தொடங்கி, தீயிலும் தண்ணீரிலும் பிள்ளை விழுந்ததையெல்லாம் தகப்பன் சொல்லுகிறான். எல்லாம் அறிந்தவருக்கு அந்தக் கேள்வி எதற்கு? அந்தத் தகப்பன் சொல்லித் தீர்க்கவேண்டியிருந்தது. அவன் சொல்லச் சொல்ல, தன் அவிசுவாசத்தையும் மறைக்காமல் அவர் முன் வைத்தான். அவர் அவனைத் தள்ளிவிடவில்லை.

ஐந்தாம் அதிகாரத்திலும் அப்படியே. பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள ஸ்திரீ நடுங்கிக்கொண்டு வந்து, நடந்த எல்லாவற்றையும் சொல்லி முடிக்குமட்டும் அவர் நின்று கேட்டார். யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருந்தாள், ஜனங்கள் நெருக்கினார்கள், அவரோ அவசரப்படவில்லை. லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகளை ஆசாரியர்களிடத்தில் போய்த் தங்களைக் காண்பிக்கச் சொன்னவரும் அவரே. நியாயப்பிரமாணத்தின்படி குஷ்டத்தைப் பரிசோதிக்கிறவன் ஆசாரியன். அப்படியானால் ஜெபத்துக்குப் பின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பார்ப்பது எப்படி அவிசுவாசமாகும்?

தாயார் பிழைத்தார்கள். ஆனால் மருந்தில்லாமல் போன இரண்டு மாதங்களில் புண் ஆழமாய்ப் போயிருந்தபடியால், ஒரு விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அவர்களுடைய வேண்டுகோளின்படியே மகனிடம் உண்மையைச் சொல்லும்போது நானும் உடன் இருந்தேன். மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் தாயின் கையைப் பிடித்துக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின் அவர்கள் சபைக்கு என்னை அழைத்தார்கள். சாட்சி வேளையில் கோல் ஊன்றி எழும்பி நின்று, அன்றைக்குப் பாதிச் சாட்சி சொன்னேன், இன்றைக்கு மீதியைச் சொல்லுகிறேன் என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார்கள். சபை அமைதியாயிருந்தது. ஆராதனை முடிந்தபின் இரண்டு சகோதரிகள் தனித்தனியே என்னிடம் வந்து, தாங்களும் மாத்திரையை நிறுத்தியிருப்பதாய்ச் சொன்னார்கள்.

இன்றைக்கு நான் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்திய நர்ஸிங் கவுன்சில் 2021-இல் திருத்திய பி.எஸ்ஸி. நர்ஸிங் பாடத்திட்டத்தில், இரண்டாம் பருவத்திலேயே நோயாளியின் உடல்நிலையை மதிப்பிடும் பயிற்சி வந்துவிடுகிறது. என் வகுப்பில் ஒரு மாணவியை நோயாளியாய் உட்காரவைத்து, கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுப்பேன். அதில் ஒரு இரகசியம் இருக்கும். சரியாய்க் கேட்டால் மாத்திரம் அதைச் சொல்லவேண்டும். "நன்றாய்த் தூங்கினீர்களா?" என்று கேட்கிற மாணவிக்கு இரகசியம் கிடைக்காது. "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போதெல்லாம் விழித்தீர்கள்?" என்று கேட்கிறவளுக்குக் கிடைக்கும். இது புதிய பாடமல்ல. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் எழுதிய "நோட்ஸ் ஆன் நர்ஸிங்" என்னும் நூலிலேயே, பதிலைத் தானே ஊட்டிவிடுகிற கேள்விகளைக் கேட்காதிருக்கும்படி எச்சரித்திருக்கிறார்.

ஆனாலும் எவ்வளவு நன்றாய்க் கேட்கக் கற்பித்தாலும், சொல்லவேண்டியவர் நீங்கள் அல்லவா? ஆகையால் உங்களை அன்போடு வேண்டிக்கொள்ளுகிறேன். மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரைகளையெல்லாம் அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எதை நிறுத்தினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நாட்டு மருந்தையும் சொல்லுங்கள். பொடி, புகையிலை, மிஷ்ரி பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். உபவாச நாளாயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் தடித்துப்போனதுண்டானால், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால், உங்கள் சொந்தப் பிள்ளைகளைக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லவைக்காதிருங்கள். தாய் தன் மகனுக்கு முன்பாகச் சொல்லமுடியாத காரியங்கள் உண்டு. தமிழ் அறிந்த நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சபையில் வியாதியஸ்தருக்காக ஜெபிக்கிற ஊழியர்களே, சகோதரிகளே, கைகளை வைக்குமுன் ஒரு நிமிடம் உட்கார்ந்து, எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால் உங்கள் முகம் மாறாதிருக்கட்டும். நர்ஸிங் படிக்கிற மகளே, நீ இதை வாசித்தால், தாளை நகல் எடுக்காதே. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்.

எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்கிற நம் ஆண்டவர்தாமே உங்கள் சரீரத்தையும் ஆத்துமாவையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.