டார்ச் மட்டும்

இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனபிறகு அவரால் வண்டிக்கு அடியில் படுக்க முடிவதில்லை. அதனால் பழைய மாருதி 800-க்குப் புது கிளட்ச் பிளேட் போட்டு, கியர்பாக்ஸை மாட்டுகிற வேலை மகனுடையதாயிற்று. நாற்பது வருஷ டிரைவர் கையில் டார்ச் மட்டும். "ஜாக்கியை நம்பாதே, ஸ்டாண்டு வை" என்று நாலு தரம் சொல்லிவிட்டார்.

விரற்கடை இடைவெளியில் கியர்பாக்ஸ் நின்றுவிட்டது.

"போல்ட்டை முடுக்கி இழுத்துடவாப்பா?"

அவசரத்தில் எல்லோரும் தேடும் குறுக்குவழி.

"அலுமினியக் காது உடைஞ்சிடும். இறக்கு. பிளேட் நடுவுல இருக்கான்னு பாரு."

இல்லை. ஒரு நூல் கீழே இறங்கியிருந்தது. ஷாஃப்ட் எப்படி நுழையும்? கவர் போல்ட்டுகளைத் தளர்த்தி, டேப் சுற்றிய குச்சியால் பிளேட்டை நடுவாக்கி இறுக்கினான். அடுத்தமுறை 'டக்'கென்று உட்கார்ந்தது.

ரிவர்ஸ் விழுகிறதா என்று பார்க்க அவரே ஏறினார். கிளட்ச்சை மிதித்த கால் நடுங்கியது. இறங்கி, சாவியை மகனிடம் நீட்டினார்.