அட்டையும் கடைசித் தாளும் இல்லாத பேய்க்கதை

செட்டிநாட்டுப் பக்கம் முதல் தடவையா வர்ற விருந்தாளிங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. நாலு தெரு சுத்திக் காட்டி முடிக்கிறதுக்குள்ள, பூட்டிக் கிடக்குற ஏதாவது ஒரு பெரிய வீட்டு முகப்புல நின்னு, குரலைத் தாழ்த்திக்கிட்டு, "இங்கெல்லாம் பேய் இருக்குமோ?"ன்னு கேப்பாங்க.

எங்க ஊர் மானகிரி. காரைக்குடியிலேர்ந்து மதுரை போற ரோட்டுல இருக்கு. இந்தக் கேள்விக்கு நான் வழக்கமா சொல்ற பதில்: "பேய் இல்லீங்க, பங்காளிங்கதான் இருக்காங்க." ஒரு வீட்டுக்கு முப்பது, நாப்பது பங்கு. ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் கோலாலம்பூர்ல, ஒருத்தர் எங்க இருக்கார்னே தெரியாது. அத்தனை பேரும் தலையாட்டினாத்தான் ஒழுகுற ஓட்டை மாத்த முடியும். பேய்னா ஒரே ஆளு, பேசித் தீத்துக்கலாம்.

விளையாட்டு இருக்கட்டும். செத்தவங்களைப் பாத்துப் பயப்படுறது இந்த ஊர் வழக்கமே இல்லை. நகரத்தார் வீடுகள்ல 'படைப்பு'ன்னு ஒண்ணு உண்டு. அந்தக் குடும்பத்துல எப்பவோ இறந்து தெய்வமா ஆனவங்களுக்குப் புதுத்துணி வெச்சு, சமைச்சுப் படைப்பாங்க. அந்தத் துணியைப் பேழையில வெச்சுப் பத்திரமாக் காப்பாத்துவாங்க. மத்த வீடுகள்லயும் வேற வேற பேர்ல இது இருக்கு. எங்க வீட்டுலயே கன்னியா செத்த ஒரு பொண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு பாவாடை எடுத்து வைக்கிறது உண்டு. அவ பேயில்லை, வீட்டுப் பிள்ளை.

அப்ப வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மல்லிகைப்பூ வாசனை, பன்னெண்டு மணி... இதெல்லாம் எங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?

பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வந்துச்சு. மாலைமதி, ராணிமுத்து, பாக்கெட் நாவல், கிரைம் நாவல்னு கயித்துல கிளிப் போட்டுத் தொங்குன மாத நாவல்கள்லேர்ந்து வந்துச்சு. இந்த வியாபாரத்துல எங்க பக்கத்து ஆளுங்க கை கொஞ்சம் பெருசுதான். சங்கர்லாலை உலவவிட்ட தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் வரைஞ்சு தபால்ல போட்டாலே கடுதாசி அவருக்குப் போயிடும்னு சொல்லுவாங்க. 1947-ல குமுதம் ஆரம்பிச்ச எஸ்.ஏ.பி. அண்ணாமலையும் செட்டிநாட்டுக்காரர்தான். அங்க வேலை பாத்த ரா.கி. ரங்கராஜன் ஒவ்வொரு வகைக் கதைக்கும் ஒவ்வொரு பேர் வெச்சிருந்தார். திகில் கதைன்னா 'கிருஷ்ணகுமார்'. ரொம்ப நாள் வரைக்கும் அது வேற ஆளுன்னே நெனச்சவங்க எங்க தெருவுல இருக்காங்க. அப்புறம் பி.டி. சாமி. 'பேய்க்கதை மன்னன்'னு பட்டமே உண்டு. இலக்கிய வரலாறு எழுதுறவங்க அவருக்கு அரை வரி ஒதுக்கினாலே அதிசயம்!

(இங்க ஒரு சின்னக் கொசுவத்தி சுத்திக்கிறேன். பொறுத்துக்குங்க.)

எங்க அயித்தை ஒருத்தவங்க. மாமா வெச்சிருந்த தையக் கடையில ஒரு பக்கமா மரப்பலகை அடிச்சு, எண்பதுகள்ல புத்தகம் வாடகைக்கு விட்டாங்க. ஒரு நாளைக்கு நாலணா. ஜாக்கெட் தைக்கக் குடுக்க வர்ற பொம்பளைங்கதான் வாடிக்கை. அளவு குடுக்கிற சாக்குல ஒரு புத்தகம், ஊக்கு வைக்க மறந்துட்டீங்கன்னு திரும்பி வந்து இன்னொரு புத்தகம். அந்தப் பலகையில குடும்ப நாவலுக்கும் பேய்க்கதைக்கும்தான் போட்டி. பேய்க்கதைதான் சீக்கிரம் கிழியும். டிவி வந்தப்புறம் கடை படுத்துருச்சு. புத்தகத்தையெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. ஒரே ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் மிச்சம். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறப்ப அதைத் திறந்தோம்.

உள்ளே ஒரு முப்பது நாவல் இருந்துச்சு, பாதி கரையான் மிச்சம் வெச்சது. அதுல ஒண்ணைத்தான் அயித்தை கையில எடுத்து, விடவே மாட்டேன்னுட்டாங்க. அட்டை இல்லை. ஒன்பதாம் பக்கத்துல ஆரம்பிக்குது, எண்பத்தெட்டுல நிக்குது. இந்தப் புத்தகங்களுக்கு நடுவுல ரெண்டு பின் அடிச்சிருக்கும். மேல் தாள் கழண்டா அதே தாளோட மறுபாதியான கடைசிப் பக்கங்களும் கூடவே போயிரும். அதனால கதைக்குத் தலைப்பும் இல்லை, எழுதுனவர் பேரும் இல்லை, முடிவும் இல்லை. வாடகைக்கு விட்டு ரெண்டாம் மாசமே இப்படி ஆயிருச்சாம். கிட்டத்தட்ட நாப்பது வருஷமா முடிவு தெரியாத கதை.

கதை என்னன்னா, புதுசாக் கல்யாணமாகி ஒரு பெரிய வீட்டுக்கு வர்ற பொண்ணு. ராத்திரியானா ரெண்டாங்கட்டுலேர்ந்து ஆட்டுக்கல் சுத்துற சத்தம். அந்த வீட்டுல அவளுக்கு முன்னாடி மூத்தாளா ஒருத்தி இருந்து செத்துப்போனது மெதுவாத் தெரியவருது. எண்பத்தெட்டாம் பக்கம் கடைசி வரியில ரெண்டாங்கட்டுக் கதவைத் திறக்கிறா. அவ்வளவுதான்.

தமிழ் மாத நாவல் நாலு படிச்சவங்களுக்கு அந்தக் கடைசி எட்டுப் பக்கத்துல என்ன இருந்திருக்கும்னு தெரியும். ஜீப் வந்து நிக்கும். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழட்டிட்டு விளக்குவார். சொத்துக்காகச் சித்தப்பா செஞ்ச சதி, பேய்ங்கிறது டேப் ரெக்கார்டர். எண்பது பக்கம் நம்மளைப் பயமுறுத்திட்டு எட்டுப் பக்கத்துல பகுத்தறிவுப் பாடம்! விமர்சகர்கள் இதைக் கிண்டல் பண்ணுவாங்க. எனக்கு இந்த வழக்கம் மேல ஒரு மரியாதை உண்டு. பேய் ஓட்டுறேன்னு பொம்பளைங்களை வேப்பிலையாலயும் சவுக்காலயும் அடிக்கிற நாட்டுல, 'பேய் இல்லை, உன் சித்தப்பாதான்'னு லட்சக்கணக்கான பேருக்கு அந்தப் புத்தகங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு.

நல்லா எழுதுறவங்க அந்த எட்டுப் பக்கத்துலதான் வித்தியாசப்படுறாங்க. புதுமைப்பித்தன் 1943-ல எழுதுன 'காஞ்சனை'யில விளக்கமே கிடையாது. வீட்டுக்குள்ள வந்த வேலைக்காரி யாருன்னு அவரும் சொல்லலை. குமுதத்துல தொடரா வந்த சுஜாதாவோட 'கொலையுதிர் காலம்' ஹாலோகிராம், லேசர்னு விஞ்ஞானத்தை எல்லாம் கொண்டுவந்து நிறுத்திட்டு, கடைசியில ஒரு சந்தேகத்தை மட்டும் மிச்சம் வெச்சிரும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதுன 'விட்டு விடு கருப்பா', நாகா இயக்கத்துல 'மர்மதேசம்: விடாது கருப்பு'ன்னு சன் டிவியில வந்தப்ப தெருவே வெறிச்சோடிக் கிடக்கும். (இவ்வளவு வருஷம் கழிச்சு சஸ்பென்ஸை உடைக்கிறேன், அடிக்க வராதீங்க.) குதிரையில வந்து தண்டிக்கிறது கருப்புசாமி இல்லை, மனநோய்னு கதை முடியும். முடிஞ்சப்புறமும் எங்க ஊர்ப் பசங்க ஒருத்தனும் கருப்பர் கோயில் வழியா ராத்திரி சைக்கிள்ல போகலை. விளக்கம் புரிஞ்சுச்சு, பயமும் அப்படியே இருந்துச்சு. மதுரையில 2024 நவம்பர்ல அவர் காலமான சேதி வந்தப்ப எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம்தான்.

இவங்களையெல்லாம் நல்ல தாள்ல அச்சடிச்சு, "யாருங்க நீங்க, எப்படி எழுதுனீங்க?"ன்னு உக்கார வெச்சுக் கேட்டது யாருன்னு பாத்தா, சென்னையில இருக்குற பிளாஃப்ட்னு ஒரு குட்டிப் பதிப்பகம். ராகேஷ் கன்னா, ரஷ்மி ரூத் தேவதாசன், காவேரி லால்சந்த் மூணு பேரும் சேர்ந்து ஆரம்பிச்சது. கன்னா கலிஃபோர்னியாவுல வளர்ந்தவர். டீக்கடையில தொங்குற அட்டைப்படங்களைப் பாத்துத்தான் 'இதுக்குள்ள என்னதான் இருக்கு?'ன்னு அவருக்கு ஆர்வமே வந்திருக்கு. நாடகக் கலைஞர் பிரீதம் சக்கரவர்த்தி கதைகளைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்க்க, 2008-ல முதல் தொகுதி ஆங்கிலத்துல வந்துச்சு. ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன், புஷ்பா தங்கதுரை, நம்ம தமிழ்வாணன்னு பத்து எழுத்தாளர்கள். ஒவ்வொருத்தரைப் பத்தியும் குறிப்பு, கூடவே கேள்வி பதில். ஆயிரத்தைந்நூறுக்கு மேல நாவல் எழுதுன ராஜேஷ்குமாரை ஒரு ஆங்கிலப் புத்தகம் எழுத்தாளர்னு மதிச்சுப் பேட்டி எடுத்ததைப் பாத்தப்ப எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைச்சது நிஜம். அடுத்த தொகுதியில இந்திரா சௌந்தர்ராஜனோட 'கோட்டைப்புரத்து வீடு' வந்துச்சு. சமஸ்தானத்து ஆண் வாரிசு யாரும் முப்பதைத் தாண்டுறதில்லைன்னு ஒரு சாபம், பெரிய அரண்மனை... பெரிய வீட்டு நிழல்ல வளர்ந்தவங்க அதை எப்படிப் படிச்சிருப்பாங்கன்னு சொல்லவும் வேணுமா?

அட்டைப்பட ஓவியர் ஷ்யாமை ராட்சசர்களோட ஜோடி போட்டுக்கிட்டு நிக்கிற குமரிகளை வரையச் சொல்லி ஒரு படப்புத்தகம் போட்டாங்க. கி.ரா. சேகரிச்ச நாட்டுப்புறக் கதைகளைப் போட்டாங்க. 2020-ல இந்தியா முழுக்க இருக்குற பேய், பூதம், முனிகளை அகரவரிசையில அடுக்கி, தலகாணி மாதிரி ஒரு புத்தகமும் போட்டாங்க. பெரிய கம்பெனிகளுக்கு வராத யோசனை.

எனக்கு ஒரு குறையும் உண்டு. இதெல்லாம் ஆங்கிலம். அயித்தை கையில குடுத்தா அட்டைப்படத்தைப் பாத்துட்டு "யாருடா இந்தப் புள்ள, துப்பட்டா எங்க?"ன்னு கேப்பாங்க, அதோட சரி. அந்தக் கதைகளைக் காசு குடுத்து வாழவெச்ச வாசகிக்கு அந்த அழகான புத்தகத்துக்குள்ள இடமில்லை. வாங்குறவங்கள்ல கொஞ்சப் பேர் அட்டைப்படத்தைப் பாத்துச் சிரிக்கத்தான் வாங்குறாங்கங்கிறதும் எனக்குத் தெரியும். ஆனா அதுக்குப் பதிப்பகத்தைக் குத்தம் சொல்றது நியாயமில்லை. அதே வேலையைத் தமிழ்ல யாரும் அந்த அக்கறையோட செய்யலைங்கிறதுதான் வருத்தம். பாக்கெட் நாவல் அசோகன் மாதிரி ஆளுங்க மாசாமாசம் கடையில புத்தகம் தொங்கவெச்சதே பெரிய விஷயம். அச்சாகுற அன்னைக்கே பழுப்பா இருக்குற தாள்ல, அடுத்த மாசப் புத்தகம் வந்ததும் பழசாகுற கணக்குல போட்டது. பாதுகாக்குறது அவங்க வேலையில்லை.

பின்ன யார் வேலை? எங்க கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அதை யார் வேலைன்னும் யோசிக்கலை. விளம்பரப் பலகை எழுதிப் பொழைச்ச மனுஷன். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகைன்னு மத்தவங்க வீசினதையெல்லாம் சேத்தார். கிட்டத்தட்ட ஒரு லட்சம் உருப்படி. அவர் 1992-ல காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமா ஆக்குச்சு. அது இன்னைக்கும் நடக்குது. 1954-ஆம் வருஷச் சட்டப்படி அச்சாகுற ஒவ்வொரு புத்தகமும் கன்னிமாராவுக்கும் ஒரு பிரதி போகணும். போச்சோ இல்லையோ, எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல்: தலைப்பும் தெரியாம, எழுதுனவர் பேரும் தெரியாம, "ஆட்டுக்கல் சத்தம் வர்ற பேய்க்கதை குடுங்க"ன்னு எந்த நூலகத்துல போய்க் கேக்குறது?

கேட்டுப் பாக்கத்தான் போறேன். அயித்தைக்கு எழுபத்து நாலு ஆச்சு, ஒரு கண்ணுல புரை எடுத்தாச்சு. இந்த நாப்பது வருஷத்துல அந்தக் கதைக்கு அவங்களே முடிவு சொல்லிச் சொல்லி எனக்குத் தெரிஞ்சு நாலு முடிவு இருக்கு. சின்னப்பிள்ளைங்களா நாங்க கேட்டப்ப, கல்லைச் சுத்துனது வாட்ச்மேன். எங்க அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானப்ப சொன்னதுல, சுத்துனது செத்துப்போன மூத்தாளேதான். கதவைத் திறந்த சின்னவ ஓடலையாம். எதுத்தாப்புல உக்காந்து மாவைத் தள்ளிவிட்டாளாம்.

போன வாரம் கேட்டேன். "ஏன் அயித்தை, நிஜ முடிவு கெடைச்சா படிச்சுக் காட்டவா?"

"அதுல என்னப்பு இருக்கப்போகுது? இன்ஸ்பெக்டர் வருவாரு, டேப்பு ரிக்காடரைத் தூக்கிக் காட்டுவாரு."

கொஞ்ச நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டு இருந்துட்டு, "அந்த மூத்தவ எப்படிச் செத்தான்னு எழுதியிருக்கான்னு மட்டும் பாரு. பாதிப் பேரு அதை எழுத மறந்துருவாய்ங்க"ன்னாங்க.

அதனால மக்களே, பரண்ல, பழைய பெட்டியில, எடைக்கடையில எங்கயாவது உங்க கண்ணுல பட்டா சொல்லுங்க. எண்பதுகள்ல வந்தது, தொண்ணூத்தாறு பக்கம் இருக்கணும். எண்பத்தெட்டாம் பக்கக் கடைசியில ஒரு பொண்ணு கதவைத் திறப்பா. புத்தகம் உங்ககிட்டயே இருக்கட்டும், கடைசி எட்டுப் பக்கத்தை போன்ல படம் பிடிச்சு அனுப்புனாப் போதும்.