1979-இல் பிறந்த என் மகள்

வங்கியில் வாடிக்கையாளர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் நல்ல பெயர் இல்லை. ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பான் கார்டில் வேறொரு தேதி என்றிருந்தால் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிடுவேன். "ஒரு நாள்தானே சார் வித்தியாசம்" என்று கெஞ்சினாலும் இரங்கமாட்டேன். அந்த நான்தான் 2020 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு வயதுப் பெண்ணுக்கு முப்பது வயதைக் கூட்டிக் கொடுத்தேன்.

ஊரடங்குக் காலம். கூகுள் மீட்டில் நடந்த வகுப்புக்காக என் பழைய போனை அவளிடம் கொடுத்திருந்தேன். வகுப்பு முடிந்ததும் மிச்ச நேரம் முழுக்கப் படம் வரைவாள். தலையாட்டி பொம்மை, மகாமகக் குளத்துப் படிக்கட்டு, மாடிக்கு வரும் சாம்பல் பூனை. வரைந்ததை நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒரு செயலியில் கணக்குத் தொடங்கப் போனாள். பிறந்த வருஷம் 2009 என்று போட்டதும் அது உள்ளே விடவில்லை.

"பதிமூணு வயசு ஆகணுமாம்ப்பா" என்று வாடிய முகத்தோடு வந்து நின்றாள்.

"அட, என் வருஷத்தப் போடு" என்றேன்.

1979 என்று போட்டாள். திறந்துகொண்டது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தப் பதின்மூன்று சும்மா ஒப்புக்கு வைத்த எண் என்று நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விவரங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் வந்தது. அந்தத் தொல்லையே வேண்டாமென்று பல நிறுவனங்கள் வாசலிலேயே வயதைக் கேட்டு நிறுத்திவிடுகின்றன. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு வயது வரை குழந்தை என்றே சொல்கிறது. இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கே தெரிந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றுகிறது. பிள்ளை முகம் வாடினால் எனக்குத் தாங்காது.

நாற்பத்தொரு வயதுக்காரிக்கு வரவேண்டிய விளம்பரங்களெல்லாம் அவளுக்கு வந்தன. மூட்டுவலித் தைலம், நரைமுடிச் சாயம், தனிநபர் கடன். "அப்பா, எனக்குப் பத்து லட்சம் தர்றாங்களாம்" என்பாள். வீட்டில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. முன்பின் தெரியாத பெரியவர்கள் சிறுவர் கணக்குகளுக்குச் செய்தி அனுப்ப முடியாதபடி தடுக்கும் ஏற்பாடுகள் 2021-இல் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்தன. என் மகளுக்கு அவற்றில் ஒன்றும் வரவில்லை. அவள்தான் பெரியவளாயிற்றே.

அதே வருஷம் ஒருநாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் போன் வெளிச்சம் தெரிந்தது. பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு மாதம் கொடுக்கவில்லை. என்ன பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

2022 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம், திருச்சியிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணே, கத்தாம கேளு."

ஒன்பதாம் வகுப்புப் பையன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நான்கு மாதமாகப் பேசிவந்திருக்கிறான். முதலில் படங்களைப் பாராட்டியிருக்கிறான், நிழல் போடச் சொல்லித் தந்திருக்கிறான். அதெல்லாம் ஒழுங்காகவே சொல்லித் தந்தான் என்று மகள் பிறகு சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அதிகம் வயிற்றைப் புரட்டியது. அப்புறம் முகத்தைப் பார்க்கவேண்டும் என்றான். யூனிஃபார்மில் ஒரு படம் அனுப்பினாள். அவள் சொல்லாமலே பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னான். கடைசியில் வேறு மாதிரிப் படம் கேட்டான், அனுப்பாவிட்டால் பேசியதையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவேன் என்றான்.

பள்ளியின் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? என் முகநூல் பக்கத்தில், ஓவியப் போட்டிச் சான்றிதழை அவள் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கிறது. பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் தெளிவாகத் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற அமைப்பில்தான் போட்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு லைக்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"போனப் பிடுங்கிடுவேன்னுதான். அவனவிட உனக்குத்தாண்ணே ரொம்பப் பயந்திருக்கா."

கத்தமாட்டேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கத்தினேன். போனை வாங்கி அவனைத் தடைசெய்து, உரையாடல் முழுவதையும் அழித்தேன். ஏதோ வீட்டைக் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

தஞ்சாவூரில் சைபர் கிரைம் பிரிவில் ஒரு பெண் எஸ்.ஐ. இருந்தார். அவர் முதலில் கேட்டது, "சாட் இருக்கா சார்?"

இல்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் மெதுவாக, "அத்தைக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கேன்" என்றாள். அவனுடைய கணக்கின் லிங்க்கையும் சேர்த்து அனுப்பியிருந்தாள். பெயரை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள், லிங்க் முக்கியம் என்றார் எஸ்.ஐ. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இருந்த நிதானம் எனக்கு இல்லை.

பிறகு அவர் மகளின் கணக்கைத் திறந்து பார்த்தார்.

"இது யாரோட கணக்கு சார்?"

"பொண்ணோடது."

"வயசு நாப்பத்திரண்டுன்னு இருக்கே?"

"நான்தான் மேடம் போடச் சொன்னேன்."

எழுதிக்கொண்டார். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. போக்சோ சட்டத்துல உன் பேரு வெளிய வராது." இந்த இரண்டு வாக்கியத்தில் முதலாவதை முந்தைய நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

அவனுடைய கணக்கு முடக்கப்பட்டது. ஆள் யாரென்று எங்களுக்குக் கடைசி வரை தெரியவில்லை.

பதின்மூன்று முடிந்ததும் சொந்தப் பிறந்த தேதியோடு புதுக் கணக்குத் தொடங்கினாள். ராத்திரி எல்லாருடைய போனும் கூடத்தில்தான் சார்ஜ் ஏறும், என்னுடையதும்தான். கண்காணிக்கும் செயலி ஒன்றையும் கொஞ்சகாலம் வைத்திருந்தோம். அதைக் குறைசொல்ல மாட்டேன், சின்னப் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் பெண் நாலு மாதம் யாரோடு பேசினாள் என்பதை என் தங்கைக்குச் சொன்னது செயலி இல்லை. அதனால் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன்: எதைச் சொன்னாலும் போனை வாங்கமாட்டேன்.

கொடுப்பது சுலபம். அவள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, உடன்படிக்கும் பெண்ணின் முகத்தை யாரோ வேறொரு உடம்பில் ஒட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு வந்து காட்டினாள். என் கை தன்னால் போனை நோக்கிப் போனது. அவள் அதைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினோம். 1098 எண்ணைக் கொடுத்தோம். இலவசம்தான், எந்நேரமும் எடுப்பார்கள். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்தில் குழந்தைகள் சம்பந்தப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம் என்று அந்த அம்மாவுக்கு விளக்கியது மகள்தான்.

என் மகனுக்கு இப்போது பத்து வயது. தினமும் கணக்குக் கேட்கிறான். "அக்காவுக்கு மட்டும் போட்டுக் குடுத்தீங்கல்ல?" என்கிறான். ஆமாம், கொடுத்தேன் என்கிறேன். இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் கணக்கில் எந்தப் பிறந்த வருஷம் இருக்கிறது என்று இன்று ராத்திரி ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். கேட்கும்போது போனை வாங்கக் கையை மட்டும் நீட்டாதீர்கள்.