கரண்ட் திரும்பி வந்தபோது

எதையாவது கழற்றிப் பூட்டிக்கொண்டே இருக்கும் மகன் ஒருவன் உங்கள் வீட்டிலும் இருக்கிறானா? அப்படியானால் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதி. நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அயலவர்கள் பழுதான சார்ஜ் லைட்டுகளை என் மூத்த மகனிடம் கொண்டுவருவார்கள். அப்போது அவனுக்கு வயது 16. சோல்டரிங் அயனால் ஈயத்தை உருக்கி, அறுந்த வயர்களை ஒட்டிக் கொடுப்பான்.

ஒருநாள் வேலைக்கு நடுவே கரண்ட் போயிற்று. மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் அயனை மேசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனான். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டோம். நாங்கள் உறங்கிய பின்னர் கரண்ட் வந்திருக்கிறது. கருகல் வாடையில் விழித்து ஓடினேன். மேசை விரிப்பு உருகி, கொப்பியொன்றின் ஓரம் புகைந்துகொண்டிருந்தது. கீழே பாயில் என் சின்ன மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ் காப்பாற்றினான்.

உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரிய விடவேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததை எத்தனை தடவை கேட்டிருப்போம்! அணைந்திருப்பது போலத் தோன்றும் நெருப்பும் உண்டென்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

"எல்லாத்தையும் அள்ளிக் குப்பையில போடுங்க" என்றார் அவனுடைய வாப்பா. நானும் அதையே நினைத்தேன். ஆனால், தலை குனிந்து நின்ற பிள்ளையைப் பார்க்க மனம் கேட்கவில்லை. எலக்ட்ரீஷியனான என் நானா மறுநாள் வந்தார். "தங்கச்சி, மறதி எனக்கும்தான் வரும். மறந்தாலும் ஆபத்து வராத மாதிரி ஒரு கண்ட்ரோல் போர்ட் செஞ்சி கொடுப்பம்" என்றார்.

அந்தப் போர்ட்டின் உயிர், கொன்டாக்டர் என்னும் காந்தச் சுவிட்ச். பச்சைப் பட்டனை அழுத்தினால் காந்தம் சுவிட்சை இழுத்துப் பிடிக்கும். மேசைக்குக் கரண்ட் வரும். கரண்ட் போனால் காந்தம் பிடியை விட்டுவிடும். வீட்டுக்குக் கரண்ட் திரும்பினாலும், பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தும்வரை மேசைக்கு வராது.

அதற்கு முன்னால், 30 மில்லி அம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று. பழுதான சாமான்களைச் சோதிக்க, 100 வொட் குண்டு பல்பின் ஊடாக ஒரு பிளக் பொயின்ட். சாமானுக்குள் வயர்கள் முட்டியிருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக் கொடுக்கும். அரை அம்பியருக்கு மேல் ஓடவிடாது. புகையை ஜன்னல் பக்கம் இழுக்க ஒரு சின்ன விசிறி. எல்லாவற்றையும் நிறுத்தும் சிவப்புப் பட்டனை மட்டும் கதவோரமாக வைக்கச் சொன்னேன். அடுப்படியிலிருந்து வந்து நானே அழுத்த வேண்டுமே!

துளையிட்டதும் பூட்டியதும் மகன். 230 வோல்ட் ஓடும் இணைப்புகளை நானாதான் செய்தார். அந்த வேலையைப் பிள்ளைகளின் கையில் விட்டுவிடாதீர்கள். இன்னொன்று: ஒட்டும் கம்பியில் உடலுக்குக் கேடான காரீயம் கலந்திருப்பதுண்டு. சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

வேலை முடிந்த அன்று நானா மெயின் சுவிட்சை அணைத்து மறுபடி போட்டார். வீட்டு விளக்குகள் எல்லாம் எரிந்தன. மகனின் மேசை மட்டும் இருளாகவே இருந்தது. அந்த இருளைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. குப்பையில் போடச் சொன்னவர், அடுத்த வாரமே ஓடாத மேசை விசிறியொன்றை மகனிடம் கொண்டுவந்து கொடுத்தார்!

சகோதரிகளே, எல்லா வீட்டிலும் இப்படியொரு போர்ட் தேவையில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் இஸ்திரிப்பெட்டி இருக்கிறது. கரண்ட் போனால் மெழுகுவர்த்தியைத் தேடுமுன் அதன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகளின் ஆர்வமும் அவர்களது உயிரும் நம்மிடமுள்ள அமானிதங்கள். ஒன்றைக் காக்க மற்றதைப் பறிக்க வேண்டியதில்லை.