வறுத்த முந்திரி: எந்த ரகம், எந்தக் காசுக்கு?

திருவதிகையில் குடியிருப்பவனுக்கு வெளியூர் சொந்தக்காரர்களிடமிருந்து வருஷம் பூரா வரும் ஒரே வேண்டுகோள்: "வரும்போது நல்ல முந்திரியா ரெண்டு கிலோ வாங்கிட்டு வாப்பா." பண்ருட்டி கூப்பிடு தூரம், கடைகளுக்கும் பஞ்சமில்லை. ஆனால் 'நல்ல' என்றால் என்னன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். கடைக்காரரோ ஏழெட்டு டப்பாவைத் திறந்து காட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை சொல்வார். அந்த விலை வித்தியாசம் எதற்கு என்று ஒருநாள் உட்கார்ந்து பார்த்துவிடுவோம்னு முடிவு பண்ணினேன். அதுதான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. டபிள்யூ 180, 210, 240, 320, 450 என்று சொல்கிறார்களே, அது தர மதிப்பெண் இல்லை மக்களே, வெறும் எண்ணிக்கை. ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான். எண் ஏற ஏறப் பருப்பு சின்னதாகும், விலை இறங்கும். 'டபிள்யூ' என்பது வெள்ளை முழுப்பருப்பு. 240 என்று சொல்லித் தருவதை வீட்டிலேயே சோதிக்கலாம். 100 கிராம் நிறுத்து எண்ணுங்கள். 240 ரகம் என்றால் 49லிருந்து 53க்குள் நிற்கும். 320 என்றால் 66லிருந்து 70. எழுபதைத் தாண்டினால் கடைக்காரரைக் கொஞ்சம் முறைக்கலாம் :-)

முழுசுக்குக் கீழே ரெண்டாகப் பிளந்த பாதிப் பருப்பு, அதற்கும் கீழே பெரிய துண்டு, சின்னத் துண்டு, கடைசியில் குருணை. இதில்லாமல் சூடு அதிகமாகிப் பழுப்பேறிய முழுப்பருப்பு தனி ரகம். அளவு ஒன்றாகவே இருந்தாலும் வெள்ளையை விட விலை குறைச்சல்.

240, 320, பழுப்பு, பாதி, துண்டு என்று ஐந்திலும் கால் கிலோ வாங்கிவந்தேன். ஒரே இரும்புச் சட்டி, ஒரே சின்னத் தீ, எண்ணெய் நெய் எதுவும் கிடையாது. தனித்தனியாக வறுத்து, ஆறவிட்டு, எது எதுன்னு சொல்லாமல் வீட்டில் நாலு பேரிடம் கொடுத்தேன். அப்பருக்கே சூலை நோய் தீர்ந்த ஊர் என்பதால் வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லோரும் ஒத்துழைத்தார்கள். வாயில் போடும்போது கண்ணை மூடச் சொன்னேன். இல்லாவிட்டால் பெரிசைப் பார்த்ததுமே மார்க் போட்டுவிடுவார்கள்.

240க்கும் 320க்கும் ருசியில் வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியவில்லை. பாதிப் பருப்பு சட்டியில் தட்டையாகப் படுத்துக்கொள்வதால் ஒரே சீராகச் சிவந்தது. உப்பும் மிளகுத்தூளும் அதில்தான் நன்றாக ஒட்டுகிறது. துண்டுகள் ஒன்று கருகும்போது இன்னொன்று பச்சையாக இருந்தது, வறுக்க ஆகாது. ரெண்டு பேர் முதலிடம் கொடுத்தது எதற்குத் தெரியுமா? அந்தப் பழுப்புக்கு. வறுவல் வாசம் அதில்தான் தூக்கல். யோசித்தால் சிரிப்பு வருகிறது. வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகக் கூடக் காசு கொடுத்து வாங்கி, வீட்டுக்கு வந்ததும் நாமே அதைச் சட்டியில் போட்டுப் பழுப்பாக்குகிறோம்!

தேநீர்ப் பித்துப் பிடித்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். சீனாவின் ஊயி மலையிலும் தைவானின் டோங் டிங்கிலும் ஊலாங் இலையைக் கரி நெருப்பில் நிதானமாக வறுக்கிறார்கள், அங்கேயும் முழு இலைக்குத்தான் மதிப்பு என்றார். ஆனால் அதற்கு நியாயம் இருக்கிறது. இலை நொறுங்கினால் சாறு சட்டென்று இறங்கிவிடும், துவர்ப்பு ஏறும், கோப்பையே வேறாகிவிடும். முந்திரி அப்படி இல்லை. உடைந்தாலும் ருசி அதே ருசிதான். அப்புறம் எதற்கு இந்த விலை?

இதற்குப் பதில் எங்கள் தெருவில் முந்திரி உடைக்கப் போகும் ஒரு அக்காவிடம் கிடைத்தது. "உடைஞ்சாலும் அதே கொட்டைதான் தம்பி. முழுசா எடுக்கறதுலதான இருக்கு வேலையே" என்று கையை நீட்டிக் காட்டினார். விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது.

கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கிற எண்ணெய் தோலில் பட்டால் வெந்துபோகும். பிரேக் பட்டைக்கும் பெயின்ட்டுக்கும் போகிற சரக்கு அது. நெருப்பிலோ நீராவியிலோ கொட்டையைச் சூடாக்கி, உடைத்து, பருப்பை எடுத்து, உலர்த்தி, மேல்தோலை உரித்து, ரகம் பிரிக்க வேண்டும். ('பச்சை முந்திரி'ன்னு வாங்குவதும் ஏற்கெனவே சூடு பார்த்ததுதான்.) சாம்பலையோ எண்ணெயையோ கையில் பூசிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். ஒரு தட்டு பலமாக விழுந்தால் முழுசு பாதியாகிவிடும். கொட்டையின் எடையில் சுமார் கால் பங்குதான் பருப்பாகத் தேறும். இப்போது இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் கைவேலை ஒழிந்துவிடவில்லை.

ஆக, 320க்கும் துண்டுக்கும் நடுவில் நாம் கூடக் கொடுக்கிற காசு ருசிக்கு இல்லை, அந்த விரல்களின் பக்குவத்துக்கு. அதில் எவ்வளவு அந்த விரல்களுக்குப் போய்ச் சேர்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். "எங்களுக்குக் கிலோ கணக்குல கூலி. நீ கடையில என்ன வெலைக்கு வாங்குனேன்னு சொல்லேன், கேப்போம்" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவ்வளவா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது இந்தப் பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. புதுக் கன்று காய்க்கவே சில வருஷம் ஆகும். இங்கே உடைபடும் கொட்டையில் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருவதும் உண்டு. கொட்டை எந்த நாட்டுடையதாக இருந்தாலும் உடைக்கிற கை நம்ம ஊர்க் கைதான்.

சரி, தீர்ப்பு. பாயசம், பொங்கல், அரைத்து ஊற்றும் குருமாவுக்குத் துண்டு போதும். வறுத்துத் தின்னப் பாதிப் பருப்பு, கிடைத்தால் பழுப்பு முழுசு. காசுக்கு இதுதான் முதல் இடம். விருந்தாளிக்குத் தட்டில் வைக்க 320. 180 கல்யாணச் சீருக்கு மட்டும். அந்தப் பெரிய ரகத்தை வாங்குகிறவர்கள் மட்டும், வாயில் போடும் முன் ஒருதரம் அதை விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள். கீறல் இல்லாமல் வந்திருக்கும்.

பி.கு.: வாங்கியதும் மோந்து பாருங்கள். காறல் வாடை வந்தால் எந்த ரகமானாலும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் நாள்பட நிற்கும். அவ்வப்போது வேண்டியதை மட்டும் எடுத்து வறுங்கள். உங்கள் ஊரில் பழுப்பு ரகம் கிடைக்கிறதா, சொல்லுங்களேன்.