அளவான காலணி

காஷ்மீரத்தின் குல்மர்க் பனிச்சரிவில் சறுக்கிப் பழக, ஐம்பதைக் கடந்த நாமும் ஒருநாள் இறங்கினோம். காலைக் கடிக்குமென அஞ்சி, பெரிய காலணியையே வாடகைக்குக் கேட்டுப் பெற்று, இரண்டு சோடிக் காலுறைகளும் அணிந்தோம். சறுக்கும்போது குதிகால் அசைந்தது; விரல்கள் முன்னே மோதி நொந்தன. கொக்கிகளை இறுக்கினோம், பாதமே மரத்துவிட்டது.

பயிற்றுவித்த இளைஞர், காலணியின் உள்ளுறையை உருவிவிட்டு, வெற்று ஓட்டினுள் நம் பாதத்தை வைக்கச் சொன்னார். விரல்நுனி முன்னே தொட்டு நிற்க, குதிகாலுக்குப் பின்னே மூன்று விரல்களை நுழைத்துக் காட்டினார். “இரண்டுக்கு மேற்பட்டால் பெரிது, ஹஜ்ரத்” என்று உருதுவில் உரைத்தார். பாதத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, சிறியதைத் தந்தார். மெல்லிய காலுறை ஒன்றுடன் அணிந்து முழங்காலை மடக்கியதும் குதி பின்னே பதிந்தது, வலி தணிந்தது.

தளர விட்டதால்தான் இறுக்க நேர்ந்தது. மதரஸாவில் சில பிள்ளைகளிடமும் நாம் இவ்வாறே நடந்ததை எண்ணி நாணினோம்.