எங்கள் வீட்டு விலாசத்தில் ஒரு வண்டி

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் ஒரு மாதமாக என்னை விடவில்லை. கவிதை எனக்கு வராது. காதல் கதை எழுத அனுபவம் போதாது (நம்புங்கள்!). ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். அந்த வண்டியை நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அது எங்கள் வீட்டில் குடியிருந்தது... காகிதத்தில்!

எங்கள் வீடு கருவடிக்குப்பத்தில். பாரதியாரின் குயில் தோப்பு, சித்தானந்த சுவாமி கோயில் என்று எங்கள் ஊருக்குப் பெருமைகள் உண்டு. எங்கள் சந்துக்கு மட்டும் எந்தப் பெருமையும் கிடையாது. எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்பா டிங்கர் வேலை செய்பவர். 2016-ல், நான் நாலாம் வகுப்பு படிக்கும்போது, அப்பாவுக்குப் பழக்கமான ஒரு புரோக்கர் வீட்டுக்கு வந்தார்.

"ஒண்ணும் இல்லண்ணே. உங்க வீட்ல ஒருத்தர் வாடகைக்கு இருக்காருன்னு ஒரு அக்ரிமெண்ட். ஒரே ஒரு கையெழுத்து. அஞ்சாயிரம் தரேன்."

அக்கா அப்போது நர்சிங் சேர்ந்திருந்த நேரம். அப்பா கையெழுத்துப் போட்டார். கொஞ்ச நாள் கழித்துப் பதிவுச் சான்றின் ஜெராக்ஸ் ஒன்றையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். அப்பா எதையும் பத்திரப்படுத்துகிற மனிதர். அதுவே பிறகு எங்களைக் காப்பாற்றியது.

அந்த ஜெராக்ஸை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். பெயர் யாரோ. விலாசம் எங்களுடையது. கீழே 'அன்லேடன் வெயிட் 2580' என்று இருந்தது.

"அப்படின்னா இன்னாப்பா?"

"வண்டியோட வெறும் எடைடா. டிரைவர், லோடு எதுவும் இல்லாம."

"ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோவா! நம்ம சந்துல நுழையுமாப்பா?"

அப்பா சிரித்தார். அடுத்த வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

2017 அக்டோபர் கடைசியில் கேரளத்திலிருந்து கிளம்பிய செய்தி உங்களுக்கும் நினைவிருக்கலாம். கோடி ரூபாய்க் கார்கள் புதுச்சேரியில் போலி விலாசத்தில் பதிவாகி, கேரளச் சாலைகளில் ஓடுகின்றன என்று. சினிமா நட்சத்திரங்களின் பெயரெல்லாம் அடிபட்டது. செய்தித்தாள்கள் எழுதிய கணக்கு இதுதான்: 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்குக் கேரளத்தில் விலையில் 20 சதவீதம் வரி, புதுச்சேரியிலோ சுமார் ஒன்றரை லட்சத்தோடு முடிந்துவிடும். ஒரு வண்டி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. யார் செய்தார்கள்?

ஒருநாள் காலையில் இரண்டு பேர் எங்கள் சந்துக்குள் விலாசம் கேட்டுக்கொண்டு வந்தார்கள். "இந்தப் பேர்ல இங்க யாராவது குடியிருக்காங்களா?" என்றார்கள். அம்மா நடுங்கிப்போய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை. ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். இரண்டு முறை வேலையை விட்டுவிட்டு விசாரணைக்குப் போய்வந்தார். வழக்கு எதுவும் வரவில்லை. அந்தப் புரோக்கரும் அதற்குப் பிறகு வரவில்லை!

இதெல்லாம் பழைய கதை. இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன செமஸ்டரில் ஒரு வகுப்பில் எங்கள் ஆசிரியர் கேட்ட கேள்விதான் காரணம். "சாலை வரியை எதை வச்சுப் போடணும்? விலையை வச்சா, எடையை வச்சா?"

எல்லோரும் 'விலை' என்றோம். சார் சிரித்தார். தமிழ்நாட்டில் நெடுங்காலம் காருக்கு ஆண்டு வரி எடையை வைத்துத்தான் என்றார். பட்டியலைக் கரும்பலகையில் எழுதினார். 700 கிலோ வரை, 1500 வரை, 2000 வரை, 3000 வரை, அதற்கு மேல் என்று ஐந்து படிகள். அதிலும் இறக்குமதி வண்டிக்குத் தனிக் கட்டம். 2000 கிலோவுக்கு மேல் 3000-க்குள் உள்ள இந்திய வண்டியைத் தனி ஆள் வைத்திருந்தால் வருஷத்துக்கு 1,100 ரூபாய். வெளிநாட்டு வண்டி என்றால் 2,900. எனக்கு உடனே அந்த 2580 நினைவுக்கு வந்தது. சரியாக அந்தப் படியில்தான் உட்காருகிறது!

காடு மேடு ஏறும் கனமான வண்டிகளுக்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் மேல்படிதான். ஏணிச் சட்டம், டிரான்ஸ்பர் கேஸ், முன்னாலும் பின்னாலும் டிஃபரன்ஷியல், முன் சக்கரத்துக்குத் தனி புரொப்பெல்லர் ஷாஃப்ட். எல்லாம் இரும்பு ஐயா, இரும்பு! 1940-களின் வில்லிஸ் ஜீப் ஏறக்குறைய 1,100 கிலோதான். இன்றைய சொகுசு ஜீப்புகள் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஏ.சி.யும் தோல் இருக்கையும் மலை ஏறுவதற்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அது வேறு விஷயம்.

பிற்பாடு தமிழ்நாட்டில் விலைதான் அளவுகோலானது. 2023 நவம்பரில் உயர்த்திய பிறகு 5 லட்சம் வரை 12 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். இறக்குமதி வண்டியின் விலைக்குள் சுங்க வரியும் அடங்கிக் கிடக்கிறது. 40,000 டாலருக்கு மேற்பட்ட வண்டிக்கு 2025 பட்ஜெட் வரை அதுவே 100 சதவீதம். ஆக, வரிக்கும் சேர்த்து வரி.

சாலைக்கோ விலை தெரியாது. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்து ஒரு கணக்குக் கண்டுபிடித்தார்கள். அச்சு ஒன்றின் மேல் ஏறும் எடை இரண்டு மடங்கானால் சாலைத் தேய்மானம் இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு. நான்காம் அடுக்கு! 650 கிலோ மாருதி 800-ஐவிட நம்ம 2580 ஏறக்குறைய நாலு மடங்கு கனம். சேதமோ சுமார் 250 மடங்கு. நான் குதித்துவிட்டேன். "அவசரப்படாத" என்றார் சார். "ஒரு லாரி அச்சுக்குப் பத்து டன். உன் ஜீப்பு அச்சை விட எட்டு மடங்கு கிட்ட. நாலாம் அடுக்குப் போட்டுப் பாரு." போட்டேன். சுமார் 3,600 மடங்கு வந்தது. ஜீப்பும் மாருதியும் லாரிக்கு முன்னால் இரண்டும் கொசுதான். வெறும் சாலைச் சேதத்தை மட்டும் சொல்லி ஜீப்புக்காரரைத் திட்ட முடியாது என்று ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் எடைக்கு வரி போடும் தேசம் இருக்கிறது. நமக்குத் தூரத்துச் சொந்தம்தான், பிரான்ஸ்! என் மாமா அங்கே குடியுரிமையோடு இருக்கிறார். 2023-ல் அவருக்கு ஒரு பெரிய நான்கு சக்கர இழுவை வண்டி வாங்க ஆசை வந்தது. 2022 ஜனவரி முதல் அங்கே புது வண்டி பதியும்போது 1,800 கிலோவுக்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ. மாமா பார்த்த வண்டி 2,200 கிலோ. 400 கிலோவுக்கு 4,000 யூரோ! மூன்று பிள்ளைகளாவது இருந்தால் பிள்ளைக்கு 200 கிலோ கழிவாம். மாமாவுக்கு இரண்டே பிள்ளை. "ஒண்ணு குறையுதுடா மாப்ள" என்று போனில் சிரித்தார். வண்டி வாங்கவில்லை. 2024-ல் வரம்பு 1,600 கிலோவுக்கு இறங்கியது. நல்லவேளை என்கிறார் அத்தை.

விலைக்கும் வரி வேண்டும், இருக்கிறவர் கொடுக்கட்டும். எடைக்கும் வேண்டும் என்பது என் கட்சி. காரணம் அந்த ஜெராக்ஸ்தான். அதில் விலாசம் பொய், வாடகை பொய். அந்த 2580 மட்டும் நிஜம். கொச்சியில் எடைமேடையில் ஏற்றினாலும் அதுதான், ஈ.சி.ஆரில் ஏற்றினாலும் அதுதான்.

போன வாரம் இந்தக் கட்டுரையை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே ஒரு மட்கார்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த வண்டியில எவ்ளோ வரி போச்சுன்றே?"

"ஒரு கோடி வண்டின்னு வெச்சிக்கோயேன்பா. பதினெட்டரை லட்சம்."

சுத்தியல் நின்றது. கொஞ்ச நேரம் மட்கார்டையே பார்த்தார்.

"அக்காவுக்கு அஞ்சாயிரம்தாண்டா கொறஞ்சுது" என்றார்.